பெட்டிக்குள் ஒரு ராணுவ வாழ்க்கை: ஜான்சி ராணி படையில் இருந்த பெண்ணின் தாள்களைப் படிக்க, காக்க, ஒப்படைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் அம்மாவின் பெரியம்மா பதினேழு வயதில், மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து, சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று இருந்த ஜான்சி ராணி படைக்குப் போனவர். அவர் காலமான பிறகு எங்கள் கைக்கு வந்தது ஒரு தகரப் பெட்டி. அதில் ஒரு சின்ன நோட்டு, நாலு புகைப்படம், சில ரசீதுகள், ஒரு கட்டுக் கடிதம், பென்ஷன் மனுவின் கார்பன் நகல்கள், ரஜூலா கப்பல் டிக்கெட்டின் துண்டு ஒன்று.

திறந்த முதல் நாளே நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கடிதம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கினேன். ஒரு படம் ஏதோ ஒரு கடிதத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. எந்தக் கடிதம் என்று கவனிக்கவில்லை. சீருடையில் மூன்று பெண்கள் நிற்கும் படம் அது. கடிதம் எழுதியவர் அந்த மூவரில் ஒருவராக இருந்திருக்கலாம். அந்தத் தொடர்பை என் கையாலேயே அறுத்துவிட்டேன். அவர்கள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், அதிலுள்ள ஒவ்வொரு தாளுக்கும் அர்த்தம் கொடுப்பது அதன் பக்கத்தில் இருக்கும் தாள்தான். தனியாக எடுத்தால் ஒரு ரசீது வெறும் ரசீது. ஒரு தேதியோடும் ஒரு கடிதத்தோடும் சேர்த்து வைத்தால், ஒரு பெண் எந்த மாதம் எந்த ஊரில் படையில் இருந்தாள் என்பதற்கு அதுவே சாட்சி.

முதலில் காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெட்டியைத் தொடுமுன் சில தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. 1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். பெண்களுக்குத் தனிப் படை என்ற அறிவிப்பு அந்த மாதமே வந்தது. சென்னையில் மருத்துவம் படித்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமையேற்றார். அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள், 22 அன்று, சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் பெண்களின் பயிற்சி முகாம் தொடங்கியது. 1944-இல் ஒரு பகுதியினர் பர்மாவுக்குப் போனார்கள். ரங்கூனில் முகாம் இருந்தது. அங்கிருந்து சிலர் வடக்கே மலைநகரமான மேமியோ வரை சென்றார்கள். இன்றைய வரைபடத்தில் அந்த ஊரின் பெயர் பியின் ஊ லுவின். ஜப்பானியரும் இந்திய தேசிய ராணுவமும் இறங்கிய இம்பால் போர் 1944 மார்ச்சில் தொடங்கி ஜூலையில் தோல்வியில் முடிந்தது. 1945 ஏப்ரல் 24 அன்று போஸ் ரங்கூனை விட்டுக் கிளம்பியபோது இந்தப் படைப் பெண்களின் ஒரு குழுவும் உடன் சென்றது. குண்டுவீச்சுக்கு நடுவே, சித்தாங் ஆற்றைக் கடந்து, வழியில் பல நாள் நடந்து, பாங்காக் போய்ச் சேர்ந்தார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது.

படையில் சேர்ந்த பெண்களில் பெரும் பகுதியினர் மலாயாத் தமிழர். பலர் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பத்துப் பெண்கள், இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள். கோலாலம்பூரின் ஜானகி தேவர் போலப் பின்னாளில் பொதுவாழ்வில் பெயர்பெற்றவர்களின் கதை நமக்குக் கிடைத்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாமல் போனவர்களின் கதைக்கு அவரவர் பெட்டியைத் தவிர வேறு இடம் இல்லை.

பெட்டியைத் திறக்கும் நாள்

சரி, இப்போது பெட்டி. ஒரு பெரிய மேசை, சுத்தமான வெள்ளைத் துணி, மென்மையான பென்சில், செல்போன் கேமரா. பேனா அந்த அறைக்குள்ளேயே வேண்டாம். சாப்பாடும் காபியும் வேறு அறையில் இருக்கட்டும்.

மூடியைத் திறந்ததும் எதையும் எடுக்காமல் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு மேல்தாளை எடுத்து அதைப் படம் எடுத்து, ஒரு நோட்டில் ‘1’ என்று போட்டு அது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்தது ‘2’. எதற்குள் எது மடிந்திருந்தது, எது எதோடு குண்டூசியால் சேர்க்கப்பட்டிருந்தது, எந்தக் கட்டு எந்த நாடாவால் கட்டப்பட்டிருந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். காலவரிசைப்படி அடுக்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். வரிசையைப் பின்னால் பட்டியலில் மாற்றிக்கொள்ளலாம். பெட்டிக்குள் அந்தப் பெண் வைத்த வரிசை ஒருமுறை கலைந்தால் திரும்ப வராது.

எதையும் வீசாதீர்கள். காலி உறை, கிழிந்த டிக்கெட், மளிகைக் கணக்கு, வாழைமரம் அச்சடித்த ஜப்பான் காலத்துப் பண நோட்டு, எல்லாவற்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். காலி உறையில் தபால் முத்திரை இருக்கும். ஊரையும் தேதியையும் சொல்ல அது போதும்.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்கக் கூடாது. தாளுக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, துருவைத் தாளிலிருந்து விடுவித்து, மெதுவாக நெகிழ்த்தி எடுங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். மடிப்பில் ஒடியும் நிலையில் இருக்கும் தாளை வலிந்து விரிக்காமல் ஒதுக்கி வையுங்கள். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் ஆவணக் காப்பகங்களில் இருக்கிறார்கள்.

தேதியைப் படிப்பது

அந்தக் காலத்துத் தாள்களில் மூன்று நான்கு வகை ஆண்டுக் கணக்கு கலந்து கிடக்கும். இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள்.

ஜப்பானிய ஆட்சியில் அலுவல் தாள்களில் 2603, 2604, 2605 என்று ஆண்டு இருந்தால் பயந்துவிடாதீர்கள். அது ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக் கணக்கு. 660-ஐக் கழித்தால் நம் ஆண்டு வந்துவிடும். 2603 என்பது 1943, 2604 என்பது 1944. இன்னொரு வகை ஷோவா ஆண்டு. ஷோவா 18 என்பது 1943, 19 என்பது 1944, 20 என்பது 1945. ஜப்பானிய வழக்கத்தில் ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில் வரும். ஆகவே ஒரு ரசீதில் 19-3-5 என்று இருந்தால், அது மார்ச் 19 என்று முடிவுகட்டும் முன், 1944 மார்ச் 5 ஆக இருக்குமா என்று பாருங்கள். ஊர்ப்பெயரும் அப்படித்தான். சிங்கப்பூரின் பெயர் அந்த மூன்றரை ஆண்டும் சியோனான். தமிழில் ஷோனான் என்றும் எழுதுவார்கள்.

வீட்டுக் கடிதங்களில் தமிழ் ஆண்டு இருக்கும். 1943 சித்திரையில் பிறந்தது சுபானு ஆண்டு. அடுத்தது தாரண, அதற்கடுத்தது பார்த்திப. ‘சுபானு ஐப்பசி’ என்று ஒரு கடிதம் சொன்னால், அது வாட்டர்லூ தெரு முகாம் தொடங்கிய மாதம். என் பெரிய பாட்டியின் அப்பாவுக்குத் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தில் ஆங்கிலத் தேதியே கிடையாது. ‘தாரண வருடம் தை’ என்று மட்டும் இருந்தது. அதை வைத்துத்தான் 1945 தொடக்கத்தில் மகள் பர்மாவில் இருக்கிறாள் என்பது குடும்பத்துக்குத் தெரிந்திருந்தது என்று புரிந்துகொண்டோம்.

நேரம் குறித்திருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஜப்பானியர் மலாயாவின் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். முன்பிருந்த நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னே. ‘காலை ஏழு மணிக்கு இருட்டிலேயே அணிவகுப்பு’ என்று நோட்டில் எழுதியிருந்தால் அதில் தப்பு எதுவும் இல்லை.

நோட்டுப் புத்தகத்தைப் படிப்பது

படையில் பொதுமொழி ஹிந்துஸ்தானி. அதை ரோமன் எழுத்தில் எழுதிச் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ் மட்டும் தெரிந்த பெண்கள் காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டார்கள். அப்படி ஒரு நோட்டு உங்களுக்குக் கிடைத்தால் அதைவிடப் பெரிய செல்வம் இல்லை.

படிக்கும்போது வாய்விட்டுப் படியுங்கள். எங்கள் நோட்டில் ‘தாய்னே’ என்று பல இடத்தில் வரும். தாயை நினைத்து எழுதினார் என்று அம்மா கண் கலங்கினார். ஹிந்தி தெரிந்த ஒரு தோழி வந்து உரக்கப் படித்தபோதுதான் அது ‘தாஹினே’, வலப்புறம், என்று தெரிந்தது. அடுத்த வரியில் இருந்த ‘பாயே’ இடப்புறம். ஒரு பக்கம் முழுக்க அணிவகுப்புக் கட்டளைகள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, தெரியாத மொழியில், வலமும் இடமும் மறக்கக் கூடாது என்று பென்சிலால் அழுத்தி எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அம்மாவுக்கு முன்னைவிட அதிகமாகவே கண் கலங்கியது.

பதவிப் பெயர்களிலும் கவனம் தேவை. ‘நாயக்’ என்று ஒரு பெயருக்கு முன்னால் இருந்தால் அது சாதிப் பெயர் இல்லை, ராணுவப் பதவி. ‘ஹவில்தார்’ அதற்கு ஒரு படி மேல். ‘ராணி’ என்பது அந்தப் படையில் ஒவ்வொரு பெண்ணையும் குறித்த சொல். ‘ராணி லெட்சுமி’ என்று ஒருவரைக் குறிப்பிட்டிருந்தால் அவர் பெயரே அதுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘லீக்’ என்று மொட்டையாக இருந்தால் பெரும்பாலும் அது தென்கிழக்காசிய இந்தியர்களின் விடுதலை அமைப்பான இந்திய சுதந்திர லீக். நன்கொடை ரசீதுகளும் உறுப்பினர் அட்டைகளும் அதன் பெயரில்தான் இருக்கும்.

நோட்டைப் படியெடுத்து எழுதும்போது அவர் எழுதிய பிழைகளைத் திருத்தாதீர்கள். ஒரு சொல் புரியவில்லையென்றால் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறி போடுங்கள். ஊகத்தை மூலத்துக்குள் கலக்கவே கூடாது.

படங்களும் கையெழுத்துகளும்

புகைப்படத்தை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். இதற்குப் பருத்திக் கையுறை நல்லது. வெறும் தாள்களுக்குக் கழுவித் துடைத்த கையே போதும், கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து தாள் கிழியும். படத்தின் பின்பக்கத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது: ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் ஒரு பெயர், பசை ஒட்டியிருந்த அடையாளம். காக்கிச் சட்டை, கால்சட்டை, தொப்பியில் இருப்பவர்கள் படையினர் என்று சட்டென்று தெரியும். சேலையில் இருக்கும் படத்தையும் அதே கவனத்தோடு பாருங்கள். முகாமுக்குப் போகுமுன் வீட்டில் எடுத்துவைத்த படமாக இருக்கலாம்.

சேரும் விண்ணப்பத்தில் தந்தையோ கணவரோ சம்மதம் தர வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்து உள்ள தாளோ அதன் நகலோ கிடைத்தால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். எங்கள் பெட்டியில் அது இல்லை. ஆனால் பின்னாளில் எழுதிய ஒரு கடிதத்தில், ‘அப்பா கைநாட்டு வைக்க மூணு நாள் ஆச்சு’ என்று ஒரு வரி இருக்கிறது.

பென்ஷன் மனுக்கள்: யாரும் மதிக்காத பொக்கிஷம்

எல்லோரும் சீருடைப் படத்தைத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், பெட்டியில் கனமான பகுதி பென்ஷன் காகிதம்தான். 1972-இல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்களும் விண்ணப்பித்தார்கள். அதற்காக எப்போது சேர்ந்தேன், யார் கீழ் பயிற்சி பெற்றேன், எங்கே அடைத்து வைத்தார்கள் என்று வரிவரியாக எழுத வேண்டியிருந்தது. கூட இருந்தவர்களிடம் சான்றுக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு வாய்திறக்காமல் இருந்த பெண்கள் அந்த மனுவுக்காகத்தான் முதன்முதலாகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன் முகாமில் இருந்தவள் என்ற பேச்சுக்குப் பயந்து, அதுவரை அந்தப் பேச்சே எடுத்ததில்லை.

ஆனால் மனுவை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அது விதிக்குப் பொருந்துமாறு எழுதப்பட்ட தாள். பெண்களுக்குக் குறைந்தது மூன்று மாதச் சிறை என்பது போன்ற விதி இருக்கும்போது, மனு எழுதித் தருபவர் மாதத்தை அதற்கேற்பச் சொல்லியிருக்கலாம். ஒரே மனுவின் வெவ்வேறு வரைவுகள் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் வரைவு பேச்சுத் தமிழில் தடுமாறி இருக்கும், கடைசி வரைவு அரசாங்க மொழியில் வழுவழுப்பாக இருக்கும். முதல் வரைவுதான் அவர் குரல். சான்றுக் கடிதம் கொடுத்த தோழிகளின் பெயர்களைத் தனிப் பட்டியலாக எடுங்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும்.

குடும்பக் கதையைத் தாளோடு ஒட்டிப் பார்ப்பது

இது மனசுக்குக் கஷ்டமான படி. எங்கள் குடும்பத்தில் சொல்லும் கதைப்படி, பெரிய பாட்டி இம்பாலில் துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டவர். தாள்கள் அப்படிச் சொல்லவில்லை. ஜான்சி ராணி படையினர் ஆயுதப் பயிற்சி பெற்றார்கள், போர்முனைக்குப் போகத் தயாராக இருந்தார்கள். ஆனால் இம்பால் முற்றுகை சரிந்ததால் அவர்களை முன்னணிச் சண்டையில் இறக்கவில்லை. மேமியோவில் மருத்துவமனையில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள், குண்டுவீச்சைத் தாங்கினார்கள், பின்வாங்கும்போது இரவில் நடந்தார்கள்.

எங்கள் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கட்டுத்துணி, டெட்டால், குயினைன் என்று கணக்கு இருக்கிறது. அதற்குமேல் போர் பற்றி எதுவும் இல்லை. ‘சண்டை போட்டார்’ என்று எழுதினால் அந்தக் கணக்குப் பக்கத்தை நாம் பொய்யாக்குகிறோம். மலேரியாவிலும் சீதபேதியிலும் கிடந்த வீரர்களை இரவெல்லாம் கவனித்த பதினெட்டு வயதுப் பெண்ணின் சேவைக்குக் கூடுதல் பூச்சு எதற்கு? குடும்பக் கதையை அழிக்காதீர்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று தனித்தாளில் எழுதி, அதற்கும் ஓர் எண் கொடுத்துப் பெட்டியில் வையுங்கள்.

வெளியே தேடுவது

வீட்டுத் தாள்களிலிருந்து பெயர், ஊர், தோட்டம், முகாம், மாதம் என்று ஒரு பட்டியல் தேறியதும் காப்பகங்களுக்குப் போகலாம். புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய தேசிய ராணுவம் தொடர்பான கோப்புகள் உள்ளன. அதன் ‘அபிலேக் படல்’ இணையத் தளத்தில் தேடத் தொடங்கலாம். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் ஜப்பானிய ஆட்சிக்காலத்தை வாழ்ந்தவர்களின் வாய்மொழிப் பேட்டிகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. கோலாலம்பூரில் மலேசியாவின் தேசிய ஆவணக் காப்பகம், கொல்கத்தாவில் நேதாஜி ஆய்வகம், லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் ஆகியவற்றையும் பாருங்கள்.

பெயரில்தான் சிக்கல். லெட்சுமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். அப்பா பெயர் ஒரு தாளில், கணவர் பெயர் இன்னொன்றில், வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறொன்றில். எல்லா வடிவத்தையும் எழுதிவைத்துத் தேடுங்கள். பெயரில் கிடைக்காவிட்டால் தோட்டத்தின் பெயரிலும் ஊரின் பெயரிலும் தேடுங்கள். அப்புறம், ஒன்றும் கிடைக்காவிட்டால் அவர் படையில் இல்லை என்று அர்த்தமில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோது பயந்து, இப்படிப்பட்ட தாள்களை அடுப்பில் போட்ட குடும்பங்களும் உண்டு.

வைத்துக் காப்பது

நகலெடுப்பது எளிது. தாள்களை 400 டி.பி.ஐ., படங்களை 600 டி.பி.ஐ. அளவில், இருபுறமும், வெற்றுப் பக்கம் உட்பட, டிஃப் (TIFF) கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். கோப்புப் பெயரில் நீங்கள் கொடுத்த எண்ணையே போடுங்கள். மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

மூலங்களுக்கு அமிலமில்லாத உறைகளும் பெட்டியும் வாங்குங்கள். படங்களுக்குப் பாலியெஸ்டர் உறை. பி.வி.சி. உறை வேண்டாம், காலப்போக்கில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். எங்கள் உறவினர் ஒருவர் நல்ல எண்ணத்தில் ஒரு லீக் ரசீதை லேமினேட் செய்து கொடுத்தார். சூட்டில் ரப்பர் முத்திரையின் ஊதா மை பரவி, ஊரின் பெயர் போய்விட்டது. அதை இனிப் பிரிக்கவும் முடியாது. செல்லோ டேப்பும் அதே கேடுதான்.

பரணிலோ குளியலறைச் சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். ஈரப்பதம் ஏறாத, வெயில் படாத, வீட்டின் உள்அறை அலமாரி நல்லது. ரசகற்பூர உருண்டையைத் தாளோடு சேர்த்துப் போடக் கூடாது. வெள்ளிப் பூச்சி தெரிந்தால் தாள்களைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி இரண்டு வாரம் டீப் ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்தபின் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வர விடுங்கள். பூஞ்சை பிடித்த தாளைத் தனியே எடுத்து நிழலில் காற்றோட்டமாக உலர விடுங்கள். முகக்கவசம் அவசியம்.

ஒப்படைப்பது

காப்பகத்துக்குக் கொடுப்பதா, வீட்டில் வைப்பதா? என் கருத்தில், நகல் வீட்டில், மூலம் காப்பகத்தில். அடுத்த தலைமுறையில் வீடு மாறும்போது காணாமல் போவது இப்படிப்பட்ட பெட்டிகள்தான். மொத்தமாகக் கொடுங்கள். சீருடைப் படத்தை மட்டும் கொடுத்து மளிகைக் கணக்கை வைத்துக்கொண்டால் இரண்டும் ஊமையாகிவிடும்.

கொடுக்கும் முன் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். யார் பார்க்கலாம், எந்தத் தாள் எத்தனை ஆண்டு மூடியிருக்க வேண்டும், நகல் உரிமை யாருக்கு என்று அதில் தெளிவாக இருக்கட்டும். அவர் பெற்ற கடிதங்களின் தாள் உங்களுடையது, ஆனால் எழுத்தின் பதிப்புரிமை அதை எழுதியவரின் வாரிசுகளுக்கு. எழுதியவர் இறக்கும்வரை வெளியாகாத கடிதம் என்றால், இந்தியச் சட்டப்படி அது முதன்முதலில் வெளியான பிறகு 60 ஆண்டு வரை அந்த உரிமை இருக்கும். தோழிகளின் கடிதங்களில் காதல், சண்டை, குடும்ப ரகசியம் எல்லாம் வரும். அவர்கள் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அந்தக் கடிதங்களைச் சில ஆண்டு மூடி வைக்கச் சொல்லுங்கள்.

கூடவே இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள்: அவர் பெயரின் எல்லா வடிவங்கள், பிறந்த தோட்டம், தாள்களில் உறுதியாகும் மாதங்களும் ஊர்களும், பெட்டி யார் யார் கைமாறி வந்தது, நீங்கள் கலைத்தது எது. கடைசியாகச் சொன்னதை மறைக்காதீர்கள். எங்கள் குறிப்பில் 14-ஆம் எண்ணுக்கு எதிரே நான் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘சீருடையில் மூன்று பெண்கள். 31 முதல் 52 வரையுள்ள கடிதங்களில் ஒன்றுக்குள் இருந்தது. எதில் என்று குறிக்கத் தவறிவிட்டேன். முகம் தெரிந்தவர்கள் சொல்லவும்.’